வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வன்னியில் காணி வாங்குவது: காசு கைமாறுவதற்கு முன் செய்யவேண்டியவை

நான் பிறந்தது இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தில். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கனடாக் குடிமகன். விசுவமடுப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கித் தென்னை வைக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசை உறுதியாக, அதாவது காணிக்குரிய உரித்துப் பத்திரமாக, கைக்கு வர மூன்று வருடம் எடுத்தது. அதில் முதல் ஒன்றரை வருடமும் ஆறு லட்சம் ரூபா முற்பணமும் வீணாகப் போயின. யாரும் சொல்லித்தராததால் வந்த இழப்பு அது. இப்போது வாரத்துக்கு ஒருவராவது தொலைபேசியில் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் இன்னும் பலருக்கு உதவும் என்று தோன்றியது.

காணியைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்? அந்தக் காணி என்ன வகை? இந்த இரண்டும் தெளியாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

1. முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

வெளிநாட்டில் நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவர் இலங்கைக் குடிமகன்தான். உள்ளூரில் இருப்பவர் வாங்குவதுபோலவே அவரும் வாங்கலாம். இந்தப் பகுதியைத் தாண்டி நேரே 3ஆம் படிக்குப் போய்விடலாம்.

வேறொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்கு நிலைமை வேறு. அதை எடுத்த நாளோடு இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடுகிறது. பிறப்புச் சான்றிதழும் பழைய அடையாள அட்டையும் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதால் அது திரும்பி வராது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டவர் பெயருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2013 ஜனவரி 1 முதல் அது செல்லுபடியாகும். ஊரில் பிறந்தவரா, வேறெங்கோ பிறந்தவரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி முடிக்கலாம் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். எழுதும்போது ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்து வருடம் கழித்து விற்கும்போதோ பிள்ளைகளுக்கு எழுதும்போதோதான் பிரச்சினை வெளியில் வரும். சட்டத்தை மீறி எழுதிய உறுதியால் உங்களுக்கு உரித்து வராது.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குத் திறந்திருக்கும் வழிகள் இவை:

இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடை இல்லை. நான் செய்தது அதுதான். அடுத்த படியில் விவரமாகச் சொல்கிறேன்.

நெருங்கிய உறவினரின் காணி நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ (உயில்) வாரிசு உரிமையாலோ உங்களுக்கு வருவதற்கும் தடை இல்லை. அப்பா, அம்மாவின் காணி இனி எங்களுக்கு வராதாமே என்று பயந்து கேட்பவர்கள் நிறையப் பேர். அது வரும். ஆனால் அந்த உறவு எது வரைக்கும் செல்லும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்ட சகோதரன் எழுதிக் கொடுக்கும் நன்கொடையை இதில் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

குத்தகைக்கு எடுக்கலாம். அதிகபட்சம் 99 வருடம்.

தொடர்மாடி வீட்டை, முழுப்பணத்தையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகக் கொண்டுவந்து வாங்கலாம். வன்னியில் இதனால் பயனில்லை.

இன்னொரு வழியை எல்லோரும் செய்கிறார்கள்: தம்பி பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பார்ப்பது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். உறுதியில் அவர் பெயர் இருந்தால் காணி அவருடையது. நாளை அவருக்கு ஏதும் நடந்தால் அது அவருடைய மனைவி பிள்ளைகளுக்குத்தான் போகும். அவர்கள் கேட்டால் அது அவர்களுடைய நியாயமான உரிமை. இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போன மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2. இரட்டைக் குடியுரிமை எடுங்கள்

குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. நீங்கள் வாழும் நாட்டின் இலங்கைத் தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க ஒரு தகுதியைக் காட்டவேண்டும். 55 வயது கடந்திருப்பது, கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் அசையாச் சொத்து, வங்கியில் நிலையான வைப்பு என்று பல வகை உண்டு. எனக்கு வயதே போதுமாக இருந்தது. வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம்.

சேர்த்துவைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ், இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டின் பிரதிகள், திருமணச் சான்றிதழ், நீங்கள் வாழும் நாட்டுப் பொலிஸ் சான்று, தகுதிக்கு உரிய ஆவணம். பொலிஸ் சான்றைக் கடைசியாக எடுங்கள். நான் முதலில் எடுத்துவிட்டேன். மற்றவை சேர்வதற்குள் அது பழையதாகிவிட்டது, திரும்பவும் கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதில் பெரிய சிக்கல் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அப்பாவின் பெயர் தனியாக. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் பின்னால் குடும்பப் பெயராகியிருக்கும், எழுத்துக்களும் மாறியிருக்கும். திருமணச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருக்கும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு மட்டுமல்ல, வங்கியிலும் உறுதி எழுதும்போதும் அதைக் கேட்பார்கள். நான் ஐந்து பிரதி எடுத்து வைத்தேன், ஐந்தும் முடிந்தன.

கட்டணத்தை விண்ணப்பிக்கும் நாளில் திணைக்களத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையிடையே மாறுகிறது, சிறிய தொகையும் அல்ல. எனக்குச் சான்றிதழ் கைக்கு வரப் பதினொரு மாதம் எடுத்தது. அந்தக் காலத்தை வீணாக்காமல் அடுத்த மூன்று படிகளையும் செய்துமுடியுங்கள். உறுதி மட்டும் சான்றிதழ் வந்தபிறகு.

3. காணியின் வகையைக் கண்டுபிடியுங்கள்

வன்னியில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் காணி என்றாலே உறுதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். வன்னியில் அப்படி அல்ல. குடியேற்றத் திட்டங்களாக வந்த ஊர்கள் பல. அங்கே அரசு மக்களுக்குக் கொடுத்த காணிகள்தான் அதிகம்.

உறுதிக் காணி: தனியாருக்குச் சொந்தம். நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) எழுதிய உறுதி இருக்கும். வாங்கலாம், விற்கலாம்.

பெர்மிட் காணி: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். காணி அரசுடையது. வைத்திருப்பவர் விரும்பியபடி விற்க முடியாது.

அளிப்புக் காணி: பெர்மிட்டுக்கு அடுத்த கட்டம். ஜனாதிபதியின் கையொப்பத்தோடு அளிப்புப் பத்திரம் இருக்கும். ஜயபூமி, சுவர்ணபூமி என்று பெயர்கள் உண்டு. பார்க்க உறுதிபோலவே இருப்பதால் பலர் இதை உறுதி என்றே சொல்லிவிடுகிறார்கள். கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அது இல்லாமல் எழுதினால் செல்லாது.

அடாத்துக் காணி: ஒரு பத்திரமும் இல்லாமல் பிடித்து வைத்திருப்பது. இருபது வருடமாகக் குடியிருக்கிறோம், கரண்டும் எடுத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். கரண்ட் பில் உரித்துக்குச் சான்று ஆகாது.

என் ஆறு லட்சம் போனது பெர்மிட் காணியில். விற்க வந்தவர் பத்திரத்தை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அரச இலச்சினை இருந்தது, காணி இலக்கம் இருந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி, இரண்டு பேரைச் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு முற்பணம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நண்பர் சொல்லித்தான் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போனேன். உத்தியோகத்தர் ஒரு பெரிய பேரேட்டை எடுத்து மேசையில் விரித்தார். ஓரமெல்லாம் பழுப்பேறி, சில பக்கங்களைப் பசைத்தாளால் ஒட்டியிருந்தார்கள். விரலை வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்து காணி இலக்கத்தில் நிறுத்தினார். அதில் இருந்தது விற்க வந்தவருடைய பெயர் அல்ல, அவருடைய தகப்பனாரின் பெயர். பின்னுரித்தாளராக எழுதப்பட்டிருந்தவர் மூத்த அக்கா.

"தம்பி, இதில உறுதி எழுதேலாது. காசு குடுத்திட்டீங்களோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

ஆகவே, முதல் வேலையாகக் காணி இலக்கத்தை எழுதிக்கொண்டு அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். கிளிநொச்சி மாவட்டம் என்றால் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரிவு. எந்தப் பிரிவு என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டால் சொல்வார். காணிக் கிளையில் காணி உத்தியோகத்தரையோ குடியேற்ற உத்தியோகத்தரையோ சந்தியுங்கள். அரச காணியா, தனியார் காணியா என்று கேளுங்கள். இதற்குச் செலவு இல்லை. பொதுமக்கள் தினத்தில் போனால் ஆளைப் பிடிக்கலாம். மற்ற நாட்களில் அவர்கள் காணி பார்க்க வெளியே போயிருப்பார்கள்.

புதிதாக வருகிறவருக்கு என் யோசனை, உறுதிக் காணியை மட்டும் பாருங்கள். விலை கூடத்தான். கண்டி வீதிக்குக் கிட்ட என்றால் இன்னும் கூட. ஆனாலும் பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.

4. காணிக்கு வேறு யாராவது உரிமை கோருகிறார்களா என்று பாருங்கள்

உறுதிக் காணியாகவே இருந்தாலும் முப்பது வருடம் பற்றை வளர்ந்து கிடந்தால் வனவளத் திணைக்களம் அதைக் காடு என்று எல்லைக்கல் போட்டிருக்கக்கூடும். வனஜீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்களின் எல்லைகளையும் விசாரியுங்கள். குளத்தருகே என்றால் குள ஒதுக்கீடு, அதாவது குளத்துக்கென்று ஒதுக்கிய நிலம், எதுவரை என்று கேளுங்கள். கரையோரம் என்றால் கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கட்டுப்பாடு வரும்; நாயாறு, அளம்பில் பக்கம் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வயற்காணி என்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கே யாருடைய பெயரில் பதிவு இருக்கிறது, குத்தகைச் செய்கையாளர் யாரும் இருக்கிறாரா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, பதிவான குத்தகைச் செய்கையாளர் இருந்தால் காணியை முதலில் அவருக்குத்தான் விற்கக் கேட்கவேண்டும். வயலை நிரப்பி வீடு கட்டவும் அனுமதி இல்லாமல் முடியாது. மேட்டுக்காணியையும் வயலையும் சேர்த்து ஒரே விலை சொல்வார்கள். எது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கண்ணிவெடி. பச்சிலைப்பள்ளியில், முகமாலைப் பக்கம், இதை இன்னும் சாதாரணமாக எடுக்கக்கூடாது. துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்ட நிலமா என்று கிராம அலுவலரிடமும் கிளிநொச்சியில் உள்ள கண்ணிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்திலும் கேட்டு, கடிதமாக வாங்குங்கள். சிவப்புப் பலகையை யாரோ கழற்றிவிட்டதால் நிலம் பாதுகாப்பானது என்று ஆகாது. கேட்டு முடிக்கும் வரை எல்லை பார்க்கப் பற்றைக்குள் இறங்காதீர்கள்.

காணியில் ஆள் குடியிருக்கிறாரா என்பதையும் நேரில் பாருங்கள். பத்து வருடம் தடையில்லாமல் தனக்கென்று ஆண்டவர் ஆட்சி உரிமை கோர இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது. இடம்பெயர்ந்திருந்த உரிமையாளர்களை இதிலிருந்து காக்க 2016இல் ஒரு விசேட ஏற்பாடு வந்தது. ஆனாலும் வழக்கு வழக்குத்தான். ஆள் இருக்கும் காணியை, நாங்கள் எழுப்பித் தருகிறோம் என்ற வாக்கை நம்பி வாங்கவேண்டாம். இருப்பவரும் எங்கோ இருந்து பெயர்ந்து வந்தவராக இருப்பார்.

5. உறுதியின் வரலாற்றைத் தேடுங்கள்

இதற்கு ஒரு சட்டத்தரணியை வையுங்கள். விற்பவர் கூட்டிக்கொண்டு வருபவரை வைக்காமல் நீங்களே தேடிப் பிடியுங்கள். அவர் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவைப் பார்க்கவேண்டும்: யார் யாருக்கு எழுதியிருக்கிறார்கள், ஈடு (அடமானம்) உண்டா, வழக்குப் பதிவு உண்டா என்று. 1984க்கு முன் கிளிநொச்சி தனி மாவட்டம் அல்ல, யாழ்ப்பாணத்தோடு இருந்தது. ஆகவே பழைய பதிவைத் தேடி யாழ்ப்பாணப் பதிவகத்துக்கும் போகவேண்டி வரலாம். அதற்கும் நாளை ஒதுக்கிவையுங்கள். எனக்குத் தேடி முடிக்க ஆறு கிழமை எடுத்தது.

மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் வன்னியில் ஏராளம், பெரும்பாலும் அது உண்மைதான். உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உறுதியை எங்கே காப்பாற்றுவது? ஆனால் நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். அதிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். போட்டோக்கொப்பியை மட்டும் நம்பி முன்னே போகாதீர்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை இங்கேயும் செல்லும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருமணமான பெண் தன் சீதனக் காணியை விற்கும்போது கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த காலத்தில் தேடிய தேட்டம் என்றால் இருவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பல பேருக்குச் சொந்தமான காணியில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதானால், மற்றப் பங்காளிகளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் முன்கொள்வுரிமைக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் எழுதினால் பங்காளி பிறகு நீதிமன்றம் போகலாம்.

இன்னொன்றை எழுத மனம் கனக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும். இரண்டாவதாக நான் பார்த்த காணி நான்கு பிள்ளைகளுக்கு உரியது. மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயார். நான்காவது மகன் 2009இல் காணாமல் போனவர். சான்றிதழ் எடுத்தால் அலுவல் முடியும் என்று தரகர் சொன்னார். அந்த அம்மா திண்ணையில் இருந்தார். சுவரில் மகனின் படம், அதற்கு மாலை போட்டிருக்கவில்லை. "அவன் வந்து கேட்டா நான் என்ன மோனை சொல்லுறது?" என்று மட்டும் சொன்னார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

காணாமல் போனவர்கள் தொடர்பாகச் சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யவேண்டும். காணி வாங்க வந்த நாம் அவர்களை நெருக்கக்கூடாது. அவருடைய பங்கு தீராமல் முழுக் காணிக்கும் சுத்தமான உறுதி வராது. அப்படியான காணியை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து, இங்கே அற்றோர்னித் தத்துவக்காரர் (அவர் சார்பில் கையெழுத்துப் போட எழுத்தில் அதிகாரம் பெற்றவர்) கையெழுத்துப் போடுவதும் வழக்கம். தத்துவம் பதிவாகியிருக்கிறதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, இரத்துச் செய்யப்படவில்லையா என்று பாருங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எல்லாவற்றிலும் முக்கியம். அவர் இறந்த நாளோடு தத்துவமும் முடிந்துவிடும். வீடியோவில் அழைத்து நேரே பேசுங்கள். நீங்களும் உங்கள் பக்கம் ஒருவருக்குத் தத்துவம் கொடுப்பதானால் இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு, இங்கே பதிவு செய்யவேண்டும். இந்தக் காணியை வாங்குவதற்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். எல்லா அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை.

6. அளந்து பாருங்கள்

அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து வரைபடம் எடுங்கள். பழைய வரைபடத்தோடு மேலே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். யாழ்ப்பாணக் கணக்கில் பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு, ஆகவே ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. விலை பேசும்போது ஒருவர் பரப்பிலும் மற்றவர் ஏக்கரிலும் நினைத்துக்கொண்டிருந்தால் பெரிய குழப்பம் வரும். அளக்கும் நாளில் அயல்காணிக்காரரையும் கூப்பிடுங்கள். பூவரசு வேலி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாதை இருக்கிறதா என்பதையும், அது வரைபடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். பூநகரிப் பக்கம் உவர் அதிகம்.

7. பணத்தை வங்கி வழியாகக் கொண்டுவாருங்கள்

உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றுவது) வேகமாக வரும், விலையும் ஒரு சில ரூபா கூடக் கிடைக்கும். ஆனால் காணிக்கான பணத்தை அப்படிக் கொண்டுவராதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று வங்கியில் திறக்கலாம். அதன் வழியாகப் பணம் வந்தால், நாளை காணியை விற்று அந்தப் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுக்க வழி இருக்கும். கிளைகளில் எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பழக்கம் இல்லை. இரண்டு மூன்று முறை கேட்கவேண்டி வரும், பொறுமையாகக் கேளுங்கள். பணம் வந்ததற்கான ஒவ்வொரு கடதாசியையும் உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எடுத்துவிடுங்கள். இலவசம்.

8. செலவுக் கணக்கு

பெரிய செலவு முத்திரைத் தீர்வை. விற்பனை உறுதிக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 40 லட்சம் ரூபாக் காணி என்றால் முதல் லட்சத்துக்கு 3,000 ரூபா, மிகுதி 39 லட்சத்துக்கு 156,000 ரூபா, ஆக 159,000 ரூபா. வழக்கமாக வாங்குபவர்தான் கட்டுகிறார். நன்கொடை உறுதிக்கு வீதம் குறைவு.

நொத்தாரிசுக் கட்டணத்தை முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காணிப் பெறுமதியில் ஒரு வீதம் வாங்கினார்கள். பதிவுத் தேடல், அளவை, பதிவுக் கட்டணம், பிரதிகள், போக்குவரத்து எல்லாம் தனி. தரகருக்கு வேறு. காணி விலைக்கு மேலே பத்து வீதத்தைத் தனியாக எடுத்துவைத்தால் நடுவில் கைகடிக்காது. எனக்கு அதற்குக் கொஞ்சம் குறைவாகவே முடிந்தது. மூலதன ஆதாய வரி விற்பவர் கட்டவேண்டியது. அதை உங்கள் தலையில் போடப் பார்ப்பார்கள், விலை பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம், தீர்வை குறையும் என்று ஒரு யோசனை வரும். அதற்குச் சம்மதிக்கவேண்டாம். மாகாண இறைவரித் திணைக்களம் பெறுமதியை மதிப்பிட்டு மிகுதியைக் கேட்கலாம். அதைவிட, நாளை பணத்தைத் திரும்ப எடுக்கப் போனால் வங்கி உறுதியில் உள்ள தொகையைத்தான் பார்க்கும்.

9. உறுதி எழுதும் நாள்

முற்பணம் கொடுப்பதானால் விற்பனை உடன்படிக்கையையும் நொத்தாரிசு முன்னால்தான் எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் எழுதிய காணி ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது. என்னுடைய வெள்ளைத்தாள் அப்படித்தான் நிற்காமல் போனது.

எழுதும் நாளில் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ், பெயர் பற்றிய சத்தியக் கடதாசி, புதிய வரைபடம், தீர்வை கட்டிய பற்றுச்சீட்டு. பிரதேச சபையிலிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழும் சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் முதலே எடுத்திருக்கவேண்டும். சோலைவரி (பிரதேச சபைக்குக் கட்டும் ஆதன வரி) நிலுவை இருந்தால் விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள். மிகுதிப் பணத்தை வங்கிக் காசோலையாகக் கொடுங்கள், இலக்கத்தை உறுதியிலேயே எழுதச் செய்யுங்கள். முழு உறுதியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் மாறியிருந்தது தெரியவந்தது.

10. அன்றைக்கே பதிவுக்குப் போங்கள்

எழுதியதோடு முடிந்தது என்று விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதப்பட்டால், முறைப்படி முதலில் பதிந்தவர் பக்கமே பலம் சாயும். உறுதியை உடனே பதிவகத்தில் கொடுக்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். பதிந்த பிறகு பதிவேட்டின் பிரதியை எடுத்து உங்கள் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் ஏதும் பதியப்படும் என்ற பயம் இருந்தால், எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பதிவகத்தில் போட்டு வைக்கலாம். அது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பிறகு பிரதேச சபையில் பெயர் மாற்றம். வயல் இருந்தால் கமநல சேவை நிலையத்திலும். கிராம அலுவலரைச் சந்தித்து உறுதியின் ஒரு பிரதியைக் கொடுங்கள். நான்கு மூலைக்கும் கொங்கிறீட் தூண் நட்டு முட்கம்பி அடியுங்கள், அடித்த அன்றே படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். அயல்வீட்டாரிடம் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு முறையாவது போய் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். என் காணியின் கிழக்கு மூலைத் தூண் சென்ற மாரியில் வெள்ளத்தோடு சரிந்துவிட்டது. பக்கத்துக் காணி ஐயா படம் எடுத்து அனுப்பியதால்தான் தெரிந்தது. அடுத்த கிழமையே ஆள் வைத்து அதே குழியில் திரும்ப நட்டோம்.